சாளைக்கு ஆரு போய்ச் சொல்லுவா?

இனயத்திலிருந்து மார்த்தாண்டம் போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் மீன் விற்கிற பெண் ஒருவர் காலடியில் சருவம் என்கிற மீன் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் இருந்த பெண் வங்கியில் வேலை பார்ப்பவர். விலைவாசியைக் குறைக்கத்தான் ரிசர்வ் வங்கி வட்டியைக் கூட்டுகிறது என்று அவர் சொன்னதும், மீன்காரப் பெண் கேட்டார்.

“அதக் கடல்ல கெடக்குக சாளை மீனுக்கு ஆரு போய்ச் சொல்லுவா?”

வங்கிக்காரப் பெண் சிரித்துவிட்டார். “வட்டி கூடினா ஆளுவ கடன் வாங்காது, செலவு குறையும், வெலை எறங்கும். ஆனா கடல்ல மீனு இல்லாம கூடுன வெலைக்கு அந்த மருந்து கேக்காதுக்கா. அங்கதான் ரிசர்வ் வங்கியில மேல உள்ளவியளுக்கும் பாடு.”

“எனக்கும் பாடுதான். போன மாசம் நான் வழக்கமா மீனு குடுக்குக வீட்டுக்காரிய ஒருத்தியும் கதவத் தொறக்கல்ல. சருவம் நெறய மீனு திரும்பி வந்து. ஒரு வீட்டுல தட்டிக் கேட்டேன். ‘சாளை வாங்க வழியில்லக்கா, ஒங்க மொகத்தப் பாத்து வேண்டாம்னு சொல்ல வெக்கமா இருக்கு’ன்னா.”

“பொறவு?”

“மறுநாளு சாளைய உட்டுட்டு, வெலை கொறஞ்ச காரப்பொடி மீனு எடுத்துட்டுப் போனேன். முள்ளு கூடுதல்னு மொகத்தச் சுளிச்சாவ. அவிய அடுக்களையில ஏறி, நானே தேங்கா அரச்சுக் கறி வச்சுக் குடுத்தேன். இப்ப பத்து மணிக்கெல்லாம் சருவம் காலி.”

“வெலை எறங்குகது வரை இப்பிடியே ஓட்டிருவியளா?”

கருங்கல் நிறுத்தம் வந்தது. மீன்காரப் பெண் சருவத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“வெலை எறங்கும்போ எறங்கட்டும். எனக்க ஆளுவளுக்கு இண்ணைக்கு மத்தியானம் கறி வேணும்லா?”