நோயாளித் தொட்டியின் கல்

உப்புத்தண்ணீர் பட்ட துணியை உடனே அலசிவிட வேண்டும். விட்டால் காய்ந்ததும் அட்டைபோல் விறைத்துக்கொள்ளும். உன் சட்டைக் கையை முதலில் குழாயில் காட்டிவிட்டு வந்து உட்கார். தம்பி வர நேரமாகும். தொட்டிக்கு உப்பு வாங்கப் போனால் கடைக்காரரோடு பேசாமல் திரும்ப மாட்டான்.

நீ நல்ல பெண். பம்புக்குப் பின்னால் பாசியே பிடிக்காத ஒரு கல் இருக்கிறதே என்று சந்தேகப்பட்டு, அதை எடுத்து இந்தத் தம்ளரில் ஊறவைத்தாய். இன்று செம்புக்கான சோதனைச் சொட்டு விட்டதும் தண்ணீர் நிறம் மாறிற்று. அப்போதும் நீ சத்தம் போடவில்லை. தொட்டியில் மிச்சமிருந்த ஒற்றை இறாலைப் பிடித்து நல்ல தண்ணீரில் விட்டாய். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பி, "ஏன்க்கா?" என்றாய். அந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது. அதனால் மறைக்காமல் சொல்கிறேன்.

இது இரக்கத்தில்தான் ஆரம்பித்தது. மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தது. உனக்குத் தெரியாததா? செம்பு கலந்த காப்பர் மருந்தில் மீன் பிழைத்துவிடும். இறாலும் நத்தையும் பிழைக்காது. அதனால் தம்பி மீன்களைக் குளியலறைப் பக்கம் ஒரு வெறுந்தொட்டிக்கு மாற்றினான். அதற்குச் சிவப்பு பக்கெட், பெரிய தொட்டிக்கு நீல பக்கெட். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது என்பான். எங்கள் சொந்தக்காரர்கள் சிலரைப் போல என்று நான் சிரித்தேன்.

நோயாளித் தொட்டியில் மறைந்துகொள்ள ஓர் இடம்கூட இல்லை. மீன்கள் மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றன. பார்க்கப் பாவமாக இருந்தது. பெரிய தொட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்து அவற்றுக்குத் துணையாக வைத்தேன். குணமானதும் அலசி, இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தேன். கல் மருந்தைக் குடித்துவைத்துக்கொள்ளும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும் என்று அன்று எனக்குத் தெரியாது. கடவுள் சாட்சியாகத் தெரியாது.

அந்த வாரம்தான் உங்கள் கடல் காட்சியகத்திலிருந்து போன் வந்தது. குஞ்சிலிருந்து இறால் வளர்த்தெடுக்கிறவர்கள் குறைவு, இறால்களோடு வந்து வேலையில் சேருங்கள் என்றார்கள். போனில் பேசியது நீதான். அன்றிலிருந்து அவனுக்கு நீ 'மீன் டாக்டர்'. கல்யாணத்துக்கும் இறாலைக் கூட்டிக்கொண்டு வருவீர்களா என்று நீ கேட்டதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். இறால்களுக்கு அவன் வைத்த பெயர் பார்பர். மீனின் உடம்பைச் சுத்தம் செய்கிறதல்லவா? தொட்டிக்குள் என் விரலை விடச் சொல்லி, "கஸ்டமர் வந்தாச்சு, கடையத் திறங்கப்பா," என்பான். அவை வந்து என் நகக்கண்ணைக் கூச்சம் காட்டாமல் துடைத்துவிடும். அம்மா போனபின் என் கையை அவ்வளவு மெதுவாக யாரும் தொட்டதில்லை.

இறால்கள் செத்தன. ஒரு காலையில் பார்த்தால் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. தம்பி தண்ணீரைச் சோதித்தான், செம்பு இருந்தது. சமையலறை வாசலில் நின்று, "அக்கா, நான் சிவப்பு பக்கெட்டையா எடுத்தேன்?" என்று கேட்டான்.

எனக்கு அப்போது கல் நினைவுக்கு வந்துவிட்டது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தூக்கக் கலக்கத்துல எடுத்திருப்ப. விடுடா, மனுஷன்தானே," என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவன் உன்னிடம் போனில், இப்போது வர முடியாது என்றான். பயணப் பையிலிருந்து சட்டைகளை எடுத்து அலமாரியில் மறுபடி அடுக்கினேன். வீட்டில் பம்பு ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்றால் இந்த அறைகள் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது.

அவன் பழைய கற்களையெல்லாம் தூக்கிப் போட்டான். நான் ஒன்றை எடுத்து, துணி துவைக்கும் இடத்தில், மிச்ச மருந்தில் போட்டு வைத்தேன். அவன் புதிதாக ஆரம்பித்து, குஞ்சுகள் பெரிதாகி, உன் பெயரைச் சொல்லத் தொடங்கும்போது, கல் பம்புக்குப் பின்னால் போகும். இறால்கள் செத்து முடிந்ததும் மருந்துக்கே திரும்பி வரும்.

அவனை நான் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. சுவரை இடித்துச் செம்புக் குழாயைப் பிடுங்கினான். தூசியைப் பெருக்கிக் கொடுத்தேன். அம்மா போட்டுவிட்ட செம்புக் காப்பை அறுத்தெறிந்தான். பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறேன். பிறகு தன் கையையே சந்தேகப்பட்டான். தோல் வெடிக்கும்வரை கழுவினான். "என் கை பட்டா செத்துப்போகுதுக்கா. எவன் என்னை நம்பி வேலை தருவான்?" என்றான். இப்போது தட்டைக்கூட அவன் தொடுவதில்லை. நான்தான் ஊட்டிவிடுகிறேன். நேற்று நீ வந்தபோது உன் கையை அவன் பிடிக்காததற்குக் கோபித்துக்கொள்ளாதே. உன்னைக் காப்பாற்றத்தான்.

நீ அவனிடம் சொல்லலாம். வாசல் கதவு திறந்தேதான் கிடக்கிறது, நான் யாரையும் பூட்டி வைத்ததில்லை. ஆனால் யோசித்துப் பார். தன் கைமேல்தான் அவனுக்கு நம்பிக்கை போயிருக்கிறது, என்மேல் இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டால் அவனுக்கு என்ன மிஞ்சும்? நீ இங்கேயே வந்துவிடு. பக்கத்து அறையை உனக்காகப் பெருக்கி வைத்திருக்கிறேன். மூன்று பேரும் நன்றாக இருக்கலாம்.

படியில் அவன் செருப்புச் சத்தம். தம்ளரை நீ மறைக்கவில்லை. கையால் இறுகப் பிடித்திருக்கிறாய். சரி, அவனிடம் சொல்வதென்றால் முழுதாகச் சொல். அவற்றை நான்தான் கொன்றேன். வேண்டுமென்றே, ஒவ்வொரு முறையும். ஆனால் ஒன்றை விட்டுவிடாதே. கல்லைத் தொட்டியில் இறக்கும் முன்பு, அவன் சொல்லிக்கொடுத்தபடி, முழங்கை வரை கையை நன்றாகக் கழுவிக்கொள்வேன். சோப்பு கீப்பு ஒட்டியிருந்தால் அந்த இறால்கள் பாவம்.