மேல்பலகைல ஒரு குறை

...குறை இருக்கு சார். எங்கேயோ ஒரு குறை கண்டிப்பா இருக்கு, என் கண்ணுலதான் மாட்ட மாட்டேங்குது. நேத்து சாயங்காலம் கைக்கு வந்ததுலேருந்து திருப்பித் திருப்பிப் பாக்கறேன். உகுலேலே சார், நாலு கம்பி வாத்தியம்! இந்தப் பெட்டியைப் பாத்துட்டு வழியில எல்லாரும் 'குழந்தை கிட்டாரா'ன்னு கேக்கறாங்க. எனக்குன்னே கையால செஞ்சது. இதைத் திருப்பிக் குடுக்கத்தான் வந்து உக்காந்திருக்கேன். இதைச் செஞ்ச மாஸ்டர் உள்ள ஏதோ இழைச்சிட்டிருக்காரு, 'அஞ்சு நிமிஷம்'னாரு... அது ஆச்சு அரை மணி. நீங்க கிட்டார் வாசிக்கறவரா? நல்லது, நல்லது.

இல்ல, ஞாயித்துக்கெழம என் பொண்ணுக்குக் கல்யாணம். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நான் இதுல ஒரு பாட்டு வாசிக்கணும். யாரு சொன்னா? நான்தான்! சம்பந்தி வீட்டுல பேச்சு சுவாரசியத்துல அள்ளி விட்டுட்டேன். பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நெஜமாவாப்பா?'ங்கறா. அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படி சார் இல்லைங்கறது?

அப்புறம் இந்த மரம்... அய்யய்யோ, அதைக் கேளுங்க. மாஸ்டர் மூணு பலகையை ஒவ்வொண்ணா என் காதுகிட்டப் பிடிச்சுத் தட்டிக் காமிச்சாரு. மேல்பலகைதான் சத்தத்துக்கு உயிராம். மஹோகனின்னா மெதுவா வருமாம், ஸ்ப்ரூஸ்னா கணீர்னு வருமாம், தேவதாரு குழைவா வருமாம். 'வித்தியாசம் தெரியுதா?'ன்னாரு. எனக்கு மூணுமே பாத்ரூம் கதவைத் தட்டற மாதிரிதான் கேட்டுது. ஆனா கண்ணை மூடிக்கிட்டு 'ஆஹா'ன்னேன்.

மொதல்ல மஹோகனின்னேன். அவரு அறுத்ததுக்கப்புறம் ஸ்ப்ரூஸ்னேன். அதைப் பாத்துட்டு என் வீட்டுக்காரி, 'என்னங்க, காய்ச்சல்காரன் மாதிரி வெளிறிப்போய் கெடக்கு'ன்னா. சரின்னு தேவதாரு. பின்பலகைக்கு ரோஸ்வுட்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். கடைசில மாஸ்டரே கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. 'சார், இனிமே மாத்தணும்னா நீங்கதான் மரம் நட்டு வளக்கணும்'ங்கறாரு!

எட்டு மாசம் சார்! நடுவுல எதிர்வீட்டுக்காரர், 'அதுவரைக்கும் என்னோட பழைய உகுலேலேல பழகுங்களேன்'னாரு. அது ப்ளைவுட்! ப்ளைவுட்ல பழகினா கை கெட்டுப்போயிடாதா? 'என்னுது வரட்டும்'னு சொல்லிட்டேன்.

இப்ப வந்துடுச்சு. வாசிச்சா ஒரே கொர்ருங்குது. மேல்பலகைலதான் கோளாறு. நீங்க வேணா ஒரு தடவை வாசிச்சுப் பாருங்களேன்... அட, கிட்டார் வாசிக்கற கைக்கு இது எம்மாத்திரம்? இந்தாங்க. குறை புடிபட்டா மாஸ்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா அடிக்க வருவாரு.

ம்... ம்...

அட.

சார்... ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் கொஞ்சம்... இதே பொட்டியா சார்? இதுலேருந்தா வருது?

மேல்பலகைல கோளாறும் இல்ல ஒண்ணும் இல்ல சார். உங்ககிட்ட எதுக்குப் பொய்? ஒவ்வொரு தடவை மரம் மாத்தும்போதும் ரெண்டு மாசம் தள்ளிப்போகும். அந்த ரெண்டு மாசம் நான் வாசிக்க வேணாம். மரமா நான் தேடினேன்? சாக்குதான் தேடினேன். எட்டு மாசத்துல ஒரு நாள் கம்பியைத் தொட்டிருந்தா... பழசோ, ப்ளைவுட்டோ. என் பொண்ணு பாவம், சொந்தக்காரங்ககிட்டல்லாம் 'எங்கப்பா வாசிப்பாரு'ன்னு சொல்லி வெச்சிருக்கா.

ஐயோ, மாஸ்டர் வர்றாரு!

இல்ல மாஸ்டர், ஒண்ணுமில்ல... திருப்பிக் குடுக்க வந்தேன்தான். மேல்பலகை நல்லாருக்கு, பின்பலகை நல்லாருக்கு. வாங்கினவனைத்தான் மாத்தணும். அது உங்க பட்டறைல ஆகாது, நீங்க போய் இழைங்க.

சார், நீங்க எந்திரிக்காதீங்க, உக்காருங்க. இன்னும் நாலு நாள் இருக்கு. மொத விரலை எங்க வெக்கணும், அதை மட்டும் சொல்லுங்க.