வாலடியில் மூன்று வெட்டு

எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது மேடம். இந்த ஐம்பத்து நான்கு வயதில் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் உப்புக்காற்று பட்டுத் தலைவலி வந்தது. உயிரோடு நீந்துகிற சுறாவை இன்றுவரை கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் ஆம்பூரில் இறங்கி 'சுறா சார்' வீடு எது என்று கேட்டால், பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மாகூட வழி சொல்வார்.

நீங்கள் ஸ்டேஷனிலிருந்து ஆள் அனுப்பினீர்கள், வந்தேன். அனுப்பாவிட்டாலும் இந்த வாரத்தில் நானே வந்திருப்பேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் ஜியாவுதீன். ரஷீத் அஹமது பாயின் தோல் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை. அதில் கடைசி இருபது வருடம் மேஸ்திரி. லாரியில் உப்புப் போட்ட தோல் வந்து இறங்கும். ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துத் தரம் பிரிப்பேன். பிரித்ததும் வாலடியில் கத்தியால் ஒரு அடையாளம் வெட்டுவேன். மை போட்டால் சுண்ணாம்பில் கரைந்துவிடும், பெயிண்ட் அடித்தால் தோல் சுழல்கிற டிரம்மில் உரிந்துவிடும், கத்தி வெட்டு மட்டும் கடைசிவரை நிற்கும். ஒவ்வொரு மேஸ்திரிக்கும் ஒரு வெட்டு உண்டு. என்னுடையது நேராக மூன்று, பக்கத்தில் சாய்வாக ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத ஆள்கூட எங்கள் ஷெட்டில் அந்த வெட்டைப் படித்துவிடுவான்.

பிறகு கையெல்லாம் வெடித்துப் புண்ணாகிவிட்டது. இனிமேல் ரசாயனத்தில் கை வைக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரஷீத் பாய் என்னை நல்லபடியாகத்தான் அனுப்பிவைத்தார். வைத்தியச் செலவு முழுவதும் அவருடையது. அவர்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் பகை என்று எழுதிவிடக் கூடாது.

அந்தச் சமயத்தில்தான் ஷஹீன் பானு வந்தார். சின்ன வயது, கடல்வாழ் உயிர்களைப் பற்றிப் படித்தவர். நீலத்துடுப்பு அறக்கட்டளை என்று சென்னையில் ஒரு மாடி அறையில் நடத்திக்கொண்டிருந்தார். மொத்தமே நான்கு பேர். சட்டம் தடுத்த சுறாக்களின் தோலை ஆட்டுத்தோல் லோடுக்குள் மறைத்து கரையிலிருந்து ஆம்பூர்ப் பக்கம் அனுப்பிப் பதனிடுகிறார்கள், பர்ஸும் பெல்ட்டும் ஆகிறது என்று அவருக்குச் சந்தேகம். பதனிட்ட பிறகு பார்வையில் கண்டுபிடிப்பது கஷ்டம். தொட்டுச் சொல்கிற ஒரு ஆள் வேண்டும். நான் தொட்டுச் சொன்னேன். ஐந்தாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்.

கழுத்தில் சுறா படம் போட்ட அடையாள அட்டை. அது எனக்கு என்ன என்று உங்களுக்குப் புரியுமா தெரியவில்லை மேடம். இருபத்தாறு வருடம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துபோவதைப் பார்த்தவன் நான். இப்போது பள்ளிக்கூடங்களில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக ஒரு சுறாத் தோலை, முறையாக அனுமதி வாங்கி, உப்புப் போட்டுச் சென்னையிலிருந்து அனுப்பியிருந்தார் ஷஹீன் பானு. தலையிலிருந்து வால் பக்கம் தடவச் சொல்வேன், வழுக்கிக்கொண்டு போகும். திருப்பித் தடவச் சொல்வேன், உப்புத்தாள் மாதிரி கையை அறுக்கும். பிள்ளைகள் 'ஸ்ஸ்' என்று கையை உதறிக்கொண்டே அடுத்த தடவைக்கு வரிசையில் நிற்பார்கள்.

சுப்பராயனுக்குத்தான் என் வேலை ஒரே தமாஷ். அவர் என்கீழ் இருபது வருடம் இருந்தவர். தெருவில் பார்த்தால் விடமாட்டார். "இன்னா பாய், பாலாத்துலயே தண்ணி இல்ல, சுறாவ எங்க போய்த் தேடுவீங்க? குடியாத்தம் பக்கம் எதுனா வந்துச்சுன்னா போன் போடட்டா?" என்பார். நானும் சிரிப்பேன்.

மூன்று வருடம் தேடினேன். ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி, ஒரு இடம் விடவில்லை. மாதா மாதம் 'எதுவும் கிடைக்கவில்லை' என்று அறிக்கை அனுப்பினேன். போன வருடக் கடைசியில் ஷஹீன் பானு சொன்னார், "இது நல்ல செய்திதானே அங்கிள். இந்தப் பக்கம் சுறாத் தோல் வரல. ஜூனோட இங்க முடிச்சிக்கிட்டுத் தூத்துக்குடியில ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். நீங்க ரெஸ்ட் எடுங்க."

எல்லோருக்கும் நல்ல செய்திதான். நான் அன்றைக்கு வீட்டுக்கு வந்து அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து மறுபடி போட்டுக்கொண்டேன்.

ஒரு வழக்கு கிடைத்தால் போதும் என்று தோன்றியது. ஒரே ஒரு வழக்கு. பேப்பரில் வந்தால் மற்ற முதலாளிகள் பயப்படுவார்கள். இன்றைக்கு யாரும் செய்யவில்லை என்றால் நாளைக்கும் செய்யமாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? ஆகவே இது பொய் இல்லை, முன்கூட்டியே போடுகிற ஊசி மாதிரி என்று நினைத்தேன். ரஷீத் பாயின் தொழிற்சாலையைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம்தான். அந்த கேட்டில் என்னை யாரும் நிறுத்தமாட்டார்கள்.

நோன்புப் பெருநாளுக்கு நான்கு நாள் லீவு. பெருநாளன்று மதியம் தூக்குவாளியில் ஷீர் குருமா, அதாவது பெருநாள் சேமியாப் பாயசம், எடுத்துக்கொண்டு போனேன். லீவு நாட்களில் சுப்பராயன்தான் காவல். வேறு யாரும் இல்லை. இன்னொரு கையில் இருந்த பையில் பிளாஸ்டிக் சாக்கில் சுருட்டிக் கட்டிய தோல் இருந்தது. பிள்ளைகள் தொட்ட அதே தோல். எலி கடித்துவிட்டது, ஆற்றில் போட்டுவிட்டேன் என்று ஷஹீன் பானுவிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

"பாய் வீட்டு சேமியான்னா அது தனி" என்று சுப்பராயன் உட்கார்ந்து சாப்பிட்டார். பழைய ஷெட்டை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். பின்பக்கம் கழிவுநீர்த் தொட்டி. பன்னிரண்டு அடி ஆழம், உள்சுவரில் இரும்புப் படிகள், மேலே இரும்பு மூடி. சாக்கை உள்ளே போட்டேன். கோடவுனில் வைத்தால் திறந்த அன்றைக்கே யார் கண்ணிலாவது படும். தொட்டியில் கிடந்தால்தான் அவசரத்தில் ஒளித்த மாதிரி தெரியும். சாக்கில் ஒரு கயிறு கட்டி ஓரமாக விட்டிருக்கலாம். மேலிருந்தே இழுத்திருப்பார்கள். தினமும் அந்தக் கயிற்றைப் பற்றி நினைக்கிறேன் மேடம். பத்து முழம் இருந்தால் போதும்.

தொழிற்சாலை திறக்கிற அன்று காலையில், வேலை தொடங்குவதற்கு முன் போனோம். வனத்துறையிலிருந்து மூன்று பேர், ஷஹீன் பானு, நான். ரகசியத் தகவல் வந்ததாக நான்தான் சொல்லியிருந்தேன். ரஷீத் பாய் ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதி. "பாரு ஜியா, எங்க வேணாலும் பாரு. உனக்குத் தெரியாத மூலையா இங்க?" என்றார்.

கடைசியாகத் தொட்டியைத் திறக்கச் சொன்னேன். கொக்கி போட்ட கம்பியால் துழாவினார்கள். சாக்கு ஒரு தடவை மேலே வந்து, நழுவி, சேற்றுக்குள் போய்விட்டது. ராணிப்பேட்டையிலிருந்து உறிஞ்சுகிற லாரி வர மத்தியானம் ஆகும். அதிகாரிக்கு அன்று கோர்ட் இருந்தது. தொட்டிக்கு சீல் வைத்துவிட்டு நாளை வரலாமா என்று யோசித்தார். அப்போது சுப்பராயன் சட்டையைக் கழற்றினார். "மொதலாளி மேல இன்னாத்துக்கு சார் பழி? நான் எறங்கி எடுத்தாறேன். பழைய துணி மூட்டையா இருக்கும், நீங்களே பிரிச்சிப் பாருங்க" என்றார்.

நான்கு நாள் மூடிக் கிடந்த தொட்டி. அதைக் கம்பியால் கலக்கிவிட்டிருந்தார்கள். எங்கள் தொழிலில் இது முதல் பாடம். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறவரை ஓடித் தப்பிக்கலாம். வாயு கூடிப்போனால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. அப்போதுதான் பயப்பட வேண்டும். மூடியைத் திறந்தபோது அடித்த நாற்றம், அவர் இறங்கும்போது எனக்குத் தெரியவில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாவது படியில் அவர் கை விட்டது. சத்தம்கூட இல்லை. இளம் வனக்காவலர் ஒருவர் காப்பாற்றப் பாய்ந்தார். நான் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்துப் போட்டேன். "எறங்காதீங்க, உள்ள விஷவாயு" என்று கத்தினேன். அதைத்தான் பேப்பரில் பாராட்டி எழுதியிருந்தார்கள். ஓர் உயிரைக் காப்பாற்றியவர் என்று. அந்தக் காவலர் வீட்டிலிருந்து வந்து எனக்குச் சால்வை போட்டார்கள். வாங்கிக்கொண்டேன்.

சுப்பராயனின் உடலோடு சாக்கும் மேலே வந்தது. ரஷீத் பாய் வேலூர் ஜெயிலுக்குப் போனார். தொழிற்சாலையைப் பூட்டினார்கள். அறுபது பேருக்கு வேலை போயிற்று. ஆம்பூர் வேலையை ஜூனோடு முடிக்க வேண்டாம் என்று ஷஹீன் பானு முடிவு செய்தார். நான் நினைத்தது எல்லாம் நடந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அமிர்தவள்ளி என் வீட்டுக்கு வந்தார். சுப்பராயனின் மனைவி. அதே தொழிற்சாலையில் தோலின் ஓரம் நறுக்குகிற மேஜையில் பதினைந்து வருடம் இருந்தவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பேப்பர் துண்டு ஒன்றைப் பிரித்தார். கைப்பற்றிய தோலைத் தார்ப்பாயில் விரித்து எடுத்த படம்.

"அண்ணா, வாலாண்ட பாருங்க. நேரா மூணு, சாய்வா ஒண்ணு. உங்க வெட்டுதான இது?"

எனக்கு அதுவரை தெரியாது மேடம். சென்னையிலிருந்து அந்தத் தோல் பார்சலில் வந்த அன்று, உப்பைத் தட்டிப் பார்த்தேன். கயிறு அறுத்த கத்தி கையில் இருந்தது. தோல் முன்னால் இருந்தது. கை தன் வேலையைச் செய்திருக்கிறது. மூன்று வருடம் பிள்ளைகளுக்குக் காட்டினேன், என் கண்ணில் படவில்லை. ஷஹீன் பானுவுக்குச் சுறாவின் இனம் தெரியும், வெட்டு தெரியாது.

"இல்லம்மா. வேற யாரோ அதே மாதிரி வெட்டியிருப்பாங்க" என்றேன்.

"யாரு வெட்டுவா? பதினஞ்சு வருசமா அந்த வெட்டத் தடவித் தடவித்தான் நான் தோலு பிரிச்சேன். கண்ணு அவிஞ்சாலும் என் கை சொல்லும்." பேப்பரை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பிறகு கேட்டார், "எறங்கறதுக்கு முன்னால அவரு உங்ககிட்ட இன்னாவோ பேசுனாராமே. ரஷீத் பாய் பாத்தாராம், அவரு சம்சாரம் சொன்னாங்க. இன்னாண்ணா பேசுனாரு?"

"ஒண்ணும் பேசலம்மா" என்றேன்.

அவர் பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். உங்களிடம்தான் வந்திருக்கிறார். அறக்கட்டளை ஆண்டு மலரில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்த வாலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம் இருக்கிறது, நீங்கள் மேஜையில் வைத்திருப்பது அதுதான். நன்றாகத் தெரிகிறது வெட்டு.

நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள், பெருநாளன்று நான் அங்கே போனதைப் பார்த்தவர் சுப்பராயன் ஒருவர்தானே என்று. ஆமாம், அவர் ஒருவர்தான். ஆனால் அது என் மனதில் இருந்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஒன்றும் சொல்லவில்லை என்று சற்றுமுன் சொன்னேன். அது உண்மை. ஆனால் முழுசாகச் சொல்லவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் மேஸ்திரியைக் கேட்காமல் யாரும் தொட்டியில் இறங்கமாட்டார்கள். இருபது வருடத்தில் சுப்பராயன் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் முதல் படியில் கால் வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். வேண்டாம் என்றால் ஏறிவிடுவார், ஏன் என்றுகூடக் கேட்கமாட்டார். நான் வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. புது மேஸ்திரி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். ஆனாலும் அன்றைக்கு அவர் என்னைத்தான் பார்த்தார்.

கொஞ்சம் எட்டிக் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்: "பாய், பெருநாளைக்கு நீங்க வந்துட்டுப் போனப்புறம் இந்த மூடி ஒரு பக்கமா நகந்து கெடந்துச்சு. நான்தான் இழுத்து மூடினேன். யாரு எப்ப வந்து போட்டாங்கன்னே தெரில." அவர் முகத்தில் துளி சந்தேகம் இல்லை. தகவலாகத்தான் சொன்னார், பழைய மேஸ்திரிக்குச் சொல்கிற மாதிரி. சாயங்காலத்துக்குள் அவருக்கே புரிந்திருக்கும்.

அப்புறம் கேட்டார், "இன்னா பாய், எறங்கட்டா?"

நான் சரி என்று தலையை ஆட்டினேன்.

அவ்வளவுதான் மேடம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஒரே ஒரு விஷயம். வழக்கு முடிந்ததும் அந்தத் தோலை எரித்துவிட வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க முடியுமா? இந்த மாதம் மூன்று பள்ளிக்கூடத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வேறு தோல் இல்லை.