நீலம் போகாத எச்சில்

மாயக்காள்: பேசாதீங்க. கன்னத்துக்குள்ள ஒட்டுன கிண்ணம் கழண்டுரும். எலுமிச்சஞ்சாறு விட்டாச்சுல்ல, ஊறட்டும்.

விருமாண்டி: ம்ம்...

மாயக்காள்: என்ன ம்ம்?

விருமாண்டி: ம்ம்ம். ம்ம்.

மாயக்காள்: சரி, கிண்ணத்த எடுத்துட்டேன். இப்பச் சொல்லுங்க.

விருமாண்டி: சாறோட கொட்டையும் விழுந்துருச்சுன்னு சொன்னேன். முழுங்கிட்டேன்.

மாயக்காள்: இந்த யூனிவர்சிட்டிக்கு வந்து எலுமிச்சங்கொட்டைய முழுங்குன மொத ஆளு நீங்கதான்.

விருமாண்டி: உங்க அண்ணன் எங்க ஆபீஸ்ல வந்து, "தங்கச்சி ஆராய்ச்சிக்கு எச்சி வேணும், ஒரு நாள் போயிட்டு வா மாப்ள"ன்னாரு. எச்சிதானன்னு வந்தேன், ரெண்டு வாரமாச்சு. துப்பிட்டுப் போறத விட்டுட்டு, தெனமும் கன்னத்துல கிண்ணம் எதுக்கு? எல்லாம் ஒரே வாய்தான...

மாயக்காள்: வாய் ஒண்ணு, சுரப்பி வேற வேற. காதோரச் சுரப்பியில வாரது தண்ணி கணக்கா இருக்கும். மாவுச்சத்த உடைக்கிற என்சைம் அதுலதான் அதிகம். நாக்குக்கு அடியில வாரது கொழகொழன்னு...

விருமாண்டி: வெண்டைக்கா மாதிரி.

மாயக்காள்: ம். அதுல என்சைம் கம்மி. ரெண்டும் கலந்துறக் கூடாதுன்னுதான் கிண்ணம். இப்ப, கஞ்சித் தண்ணியில அயோடின் விட்டா நீலம். உங்க எச்சிய விட்டா அந்த நீலம் போகணும்.

விருமாண்டி: போச்சா?

மாயக்காள்: ...இல்ல.

விருமாண்டி: இன்னைக்குமா?

மாயக்காள்: மத்தவங்க எல்லாருக்கும் போயிருச்சு. உங்களுக்கு மட்டுந்தான்... நாளைக்கும் ஒருக்கா வரணும்.

விருமாண்டி: அப்ப நான் திங்கிற சோறு செரிக்காதா? இட்லியப் பாத்தா அது என்னைய மொறைக்கிற மாதிரியே இருக்கு.

மாயக்காள்: செரிக்கும், பயப்படாதீங்க. உள்ள கணையத்துலயும் அதே வேலைக்கு என்சைம் இருக்கு. அது கெடக்கட்டும்... தல்லாகுளத்துலருந்து காளவாசல் வந்து, பஸ் மாறி இம்புட்டுத் தூரம் வாரீங்களே, ஆபீஸ்ல என்ன சொல்றீங்க?

விருமாண்டி: தெனமும் அரை நாள் லீவு. எச்சியில கோளாறுன்னு சொன்னேன். ஹெட்கிளார்க் ஆர்லிக்ஸ் பாட்டிலோட வீட்டுக்கே வந்துட்டாரு. இப்ப ஆபீஸ்ல என் டம்ளர யாரும் தொடமாட்டேங்குறாங்க.

மாயக்காள்: சிரிக்க வைக்காதீங்க, கைல குழாய் இருக்கு.

விருமாண்டி: இதுக்கு நடுவுல, உசிலம்பட்டியில பொண்ணு பாக்கப் போகணும்னு அம்மா ஒத்தக் கால்ல நின்னாங்க.

மாயக்காள்: ...போனீங்களா?

விருமாண்டி: போகல. எச்சி சரியாகாம கல்யாணம் இல்லன்னுட்டேன்.

மாயக்காள்: அதுக்கு அம்மா...?

விருமாண்டி: அப்படியே பொண்ணு வீட்டுக்குச் சொல்லிவிட்டாங்க. அவுக தொத்து நோயான்னு கேட்டாகளாம். இப்ப வேற மாப்பிள்ளையே பாத்துட்டாக.

மாயக்காள்: ஐயோ... வந்து... நான் ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.

விருமாண்டி: சொல்லுங்க.

மாயக்காள்: உங்க எச்சியில மொத நாளே நீலம் போயிருச்சு. ஆராய்ச்சிக்கு அதுவே போதும். அதுக்கப்புறம் கஞ்சியில நான் விட்டது உங்க எச்சி இல்ல... பச்சத் தண்ணி. போயிருச்சுன்னு சொன்னா, நீங்க மறுநாள் வராமப் போயிருவீங்களோன்னு...

விருமாண்டி: தெரியும் மேடம். நீங்க தண்ணிய எடுத்து விட்டத அந்த அலமாரிக் கண்ணாடியில பாத்தேன். பாத்த அன்னைக்குத்தான் வீட்ல போயி, உசிலம்பட்டிக்கு வரலன்னு சொன்னேன்.