மைமூனா மிஸ் நீட்டிய வெற்றிலை

தலைமை தாங்கும் சாலிஹ் ஹாஜியார் அவர்களே, மேடையிலுள்ள உலமாக்களே, ஆசிரியர்களே, பெண்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தாய்மாரே, பாண்டிருப்பிலிருந்தும் காரைதீவிலிருந்தும் வந்திருக்கும் சகோதரர்களே, முன்வரிசைப் பாய்களில் இருக்கும் எங்கள் வகுப்புப் பிள்ளைகளே, உங்கள் அனைவர் மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும்.

எனக்குக் குழப்பமாக இருக்கிறது. சபை மரியாதைக்காக இதைச் சொல்லவில்லை. ஒருவருக்காக இன்னொருவர் பேசுவதை மைமூனா மிஸ் விரும்பியதில்லை. இன்று அவருடைய நினைவுக் கூட்டத்தில், அவரோடு வகுப்பெடுத்த நான் அவருக்காகப் பேச வேண்டும். எப்படிப் பேசுவது?

தொண்ணூறாம் ஆண்டு வன்செயலில் இந்தக் கரையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பல வீடுகள் எடுத்து வளர்த்தன. சாச்சா வீடு. பெரியம்மா வீடு. உறவே இல்லாத வீடு. சோறு போட்டீர்கள், பள்ளிக்கு அனுப்பினீர்கள். மிஸ் அதை ஒருநாளும் குறைத்துப் பேசவில்லை. அவர் கவனித்தது வேறொன்று. அந்தப் பிள்ளைகளிடம் எதைக் கேட்டாலும் பக்கத்தில் நின்ற பெரியவர்தான் பதில் சொன்னார். என்ன படிக்கிறாய் என்றாலும் அவர். பசிக்கிறதா என்றாலும் அவர். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. அதை அடக்கம் என்று நாம் மெச்சினோம்.

நாளை வேலைக்குப் போகும் பிள்ளை, நேர்முகப் பரீட்சையில் என்ன செய்யும்? அங்கும் குனியும்.

அதனால் நம் சங்க மண்டபத்தின் பின்னறையில் மிஸ்ஸின் சனிக்கிழமை வகுப்பு தொடங்கியது. எனக்கு எது வரும், எனக்கு எது வேண்டும், அதற்கு நீங்கள் என்ன உதவி செய்ய வேண்டும். இதைச் சொல்லப் பழகுவதுதான் பாடம். வாய் வளர்க்கிற வகுப்பு என்று சந்தையில் கேலி செய்தார்கள். மிஸ்ஸிடம் நேரிலேயே ஒருவர் கேட்டார். “வாய் அதுகளுக்கு ஏற்கனவே இரிக்கி, காக்கா. துறக்கத்தான் பழக்கிறன்” என்றார்.

பிள்ளையைச் சேர்க்கப் பெரியவர்கள் வருவார்கள். மிஸ் முதலில் வெற்றிலைத் தட்டத்தை நீட்டுவார். மறுப்பது நம் ஊரில் மரியாதையா? எடுத்து, சுண்ணாம்பு தடவி, பாக்கோடு மடித்து வாயில் வைப்பார்கள். வாய் நிறைந்த பிறகுதான் மிஸ் பிள்ளையின் பக்கம் திரும்புவார். “சொல்லுங்க மகள், உங்களுக்கு என்ன விருப்பம்?” பெரியவர் பதறுவார். எழும்பித் துப்பப் போகவும் முடியாது. மிஸ் காத்திருப்பார். பிள்ளை அழும். காத்திருப்பார். பிள்ளை கதவைப் பார்க்கும். காத்திருப்பார். பிறகு ஒரு குரல் வரும். அது அந்த வீட்டுக்காரர் கேட்டிராத குரலாக இருக்கும்.

இந்த வழி சரியா?

மசூர் இங்கே இருக்கிறான். சம்மாந்துறையில் நெல் ஆலை வைத்திருக்கும் சாச்சா வீட்டில் வளர்ந்தவன். தொழிற்பயிற்சிக்கு நேர்முகப் பரீட்சை நடந்தது. தச்சு வேலைக்கு இடமிருக்கிறது, சேர்கிறாயா என்றார்கள். ஓம் என்று ஒரு சொல் போதும். தனக்கு மோட்டார் மெக்கானிக் வேலைதான் வேண்டும் என்றான். இடம் போய்விட்டது. மிஸ் அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும் என்று சாச்சா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். தான் அவனுக்காகப் பேசினால் அவன் பேசியது பொய்யாகிவிடும் என்றார் மிஸ். அன்று அவருடைய கண்களும் கலங்கியிருந்தன.

பிறகு மசூர் அக்கரைப்பற்றில் கராஜ் கராஜாக ஏறி இறங்கினான். ஒன்றில் எடுத்துக்கொண்டார்கள். சாச்சாவின் ஆலையில் வேலை செய்தபோது கிடைத்ததைவிடக் குறைந்த சம்பளம். படுக்கையும் அங்கேதான். வென்றானா, தோற்றானா? அவனைக் கேட்டேன். “நான் கேட்டுக் கிடைச்ச இடம், சேர்” என்று மட்டும் சொன்னான். அதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மிஸ்ஸின் கடைசிப் பயணம் ஒரு வேனில். இழுப்பு கூடி மூச்சு அடைத்தது. எதையோ சொல்ல வாய் திறந்தார். தண்ணீர் கேட்கிறார் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். தண்ணீர் கொடுத்தோம். அவர் கேட்டது தண்ணீரா? யாருக்கும் தெரியாது. வைத்தியசாலை வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

சபையோரே, இனி இன்றைய விடயம்.

நான் பேச எழும்பும்போது நம் தலைவர் ஹாஜியார் என் தோளைத் தொட்டார். முடிக்கும்போது ஓர் அறிவிப்புச் சொல்லும்படி கேட்டார். அவர் எடுத்து வளர்த்த பஸ்மினாவின் திருமணத்தை, மிஸ்ஸின் பெயரால் சங்கமே பொறுப்பெடுத்து நடத்தும் என்று. வீடும் ஹாஜியார் கட்டிக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளையும் நல்லவர் என்கிறார்கள். பஸ்மினாவிடம் கேட்டீர்களா என்றேன்.

“அவ நம்மட புள்ளதானே, தம்பி. ஓமெண்டுதான் சொல்லுவா.”

அவர் அன்பினால்தான் சொன்னார். தன் பிள்ளைகளுக்கும் பஸ்மினாவுக்கும் ஒரே கடையில் பெருநாள் துணி எடுத்தவர் அவர். ஆனால் பஸ்மினாவுக்கு அடுத்த வாரம் தாதியர் பயிற்சிக்கு நேர்முகப் பரீட்சை. அதற்காகத்தான் மிஸ் அவளோடு கடைசிவரை உட்கார்ந்து பேசப் பழக்கினார். இந்த அறிவிப்பு வந்துவிட்டால், இத்தனை பேர் முன்னால் கொடுத்த வாக்கை மீறி அவள் எப்படிப் போவாள்?

நேற்று மிஸ்ஸின் வீட்டில் அவள் என்னிடம் வந்தாள். “நாளைக்கு என்னப் பத்தியும் கதைப்பாங்களா, சேர்?” தெரியாது என்றேன். “மிஸ் இருந்தா என்னட்டக் கேட்டிருப்பா” என்றாள். போய்விட்டாள்.

அது முறைப்பாடா? வேண்டுகோளா? அவளுக்குத் தாதியாக வேண்டும் என்று இங்கே நான் முழங்கினால், நானும் அவளுக்காகப் பேசியவனாகிறேன். அவளுக்குத் திருமணமே விருப்பமாக இருக்கலாம். இரண்டும் வேண்டியிருக்கலாம். மேடையில் நிற்கும் எனக்கு அவளுடைய மனம் எப்படித் தெரியும்? பல்கலைக்கழகத்தில் பல கேள்விகளுக்கு விடை எழுதியிருக்கிறேன். இதற்கு விடை எழுத வேண்டியவன் நானல்ல.

ஆகவே ஹாஜியார், என்னை மன்னியுங்கள். நீங்கள் சொல்லச் சொன்னதை இந்தச் சபைக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் அறிவிப்பாக அல்ல, கேள்வியாக.

மிஸ்ஸின் பெயரால் ஒரே ஓர் உறுதிதான் என்னால் தர முடியும். வரும் சனிக்கிழமையும் பின்னறை திறந்திருக்கும். அவருடைய பொறுமை எனக்கில்லை. வெற்றிலை வாங்கத் தெரியும். காத்திருக்கப் பழகுவேன்.

இறைவன் அவர் உறங்கும் கப்றை விசாலமாக்குவானாக.

பஸ்மினா, ஒலிவாங்கியின் கம்பி பெண்கள் பக்கம்வரை எட்டும். நீங்கள் எழும்ப வேண்டியதில்லை. இன்று பேச விருப்பமில்லையென்றால் அதுவும் உங்கள் பதில்தான். அதற்குமேல் இங்கே யாரும் உங்களுக்காகப் பேசமாட்டோம்.

ஹாஜியார், தட்டம் உங்கள் முன்னால்தான் இருக்கிறது. ஒரு வெற்றிலை எடுத்துக்கொள்ளுங்கள்.