கத்தி வைக்காத முகம்

தாடி எல்லாருக்கும் ஒத்துக்கொள்வதில்லை ஐயா. சிலருக்கு அது முகத்துக்கு எடுப்பாக அமைந்துவிடுகிறது. எனக்கு அரிக்கும். அதிலும் நான் பார்ப்பது சாயப்பட்டறை வேலை. கச்சாப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசையை எடுப்போம். அந்த ஆவி நாள் முழுக்க முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். பசை வேகிற நாற்றம், செத்த மீனையும் புளித்த கஞ்சியையும் ஒன்றாகக் கொட்டினால் வருமே, அப்படி. வெறும் முகமாக இருந்தால் கழுவினால் போய்விடும். தாடிக்குள் புகுந்துவிட்டால் தலையணை வரைக்கும் கூடவே வரும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் மாட்டிக்கொண்டதே தாடியால்தான்.

காகிதமும் பேனாவும் கொடுத்து, நடந்ததை நிதானமாக எழுது, அவசரம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அப்படியே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது என் மனைவி ரேணுகாம்பாள்தான். கல்யாணத்துக்கு அப்புறம் பஸ் போர்டையும் கடைப் பலகையையும் காட்டிக் காட்டிப் படிக்கவைத்தாள். அவள் பத்தாவது முடித்தவள், பட்டுப்புடவைக் கடையில் விற்பனைக்கு நிற்பவள். தெலுங்குக்காரர் வந்தால் தெலுங்கில் பேசுவாள், சேட்டு வந்தால் இந்தியில் நாலு வார்த்தை பேசுவாள். வீட்டுக்கு வந்தால் என் எழுத்தில் கொம்பும் காலும் எங்கே விட்டுப்போயிற்று என்று சிரித்துக்கொண்டே காட்டுவாள். நான் அவளை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்.

பிள்ளை எங்களுக்குத் தள்ளிப் போயிற்று. அவளுக்கு முப்பத்தெட்டு வயசு ஆனபோதுதான் முதல் தடவை தங்கியது. பெண்டாட்டி மாசமாக இருந்தால் புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது, அது வயிற்றில் இருப்பதற்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் தாடியை விட்டேன். மூன்றாம் மாதம் அது தானாகவே கலைந்தது. அதில் என் கை இல்லை. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்துக் காட்டினார்கள். பட்டு வெந்த அண்டாவின் அடியில் ஒன்று தங்கும் ஐயா, இழையும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் ஒரு சளி. அது மாதிரி இருந்தது. இதற்காகவா இத்தனை நாள் அரித்தது என்று நினைத்தேன். ரேணுகாவைப் படுக்கவைத்துவிட்டு நேராகச் சிட்டிபாபுவின் சலூனுக்குப் போய்ச் சவரம் பண்ணிக்கொண்டேன். முகத்தில் காற்றுப் பட்டது. அன்றைக்கு இருந்த சுகத்தைச் சொன்னால் தப்பாக நினைப்பீர்கள்.

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "வயசு ஏற ஏற முட்டையோட தரம் குறைஞ்சிடும்மா. அந்த மாதிரி முட்டையில உருவாகறது பாதியில நின்னுடறது உண்டு. நீங்க தப்பா ஒண்ணும் பண்ணல." ரேணுகா அதில் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து என் மடியில் தலையை வைத்து, "என் உடம்புல இருக்கற முட்டையே சொத்தையா பூட்டுதுயா" என்றாள்.

நான் தலையைத் தடவிக்கொடுத்தேன். ரசம் சாதம் பிசைந்து ஊட்டினேன். அவள் துணிகளை முகம் சுளிக்காமல் துவைத்துப் போட்டேன். இந்த மாதிரி புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்வீட்டுப் பெண்கள் என் காதுபடப் பேசினார்கள். அவள் ஒரு மாதம் கடைக்குப் போகவில்லை. நான் பக்கத்தில் இல்லாவிட்டால் தூங்கமாட்டாள். "நீ இல்லாங்காட்டி நான் இன்னா ஆயிருப்பேன்" என்று சொன்னாள். பெற்ற தாய்கூட என்னைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பிறகு எழுந்தாள், கடைக்குப் போனாள், மறுபடியும் என் எழுத்தில் கொம்பைத் தேடினாள். கூடவே ஆஸ்பத்திரி. முட்டை வளர்கிறதா என்று ஸ்கேன், வளர்வதற்கு வயிற்றில் ஊசி. அந்த வரிசையில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் ஐயா. தலைக்குச் சாயம் அடித்த பெண்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டு, ஊசி போட்டு நீலம் பாரித்த வயிற்றை ஒருத்திக்கு ஒருத்தி முந்தானையை விலக்கிக் காட்டிக்கொண்டு இருப்பார்கள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்துக் கக்கூஸைக் காட்டினார்கள். தாழ்ப்பாள் சரியில்லாத கதவு, பினாயில் நாற்றம். வெளியே ஒருத்தர், "சீக்கிரம் சார், எனக்கும் அவசரம்" என்றார். அந்த டப்பாவைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போனபோது, மனிதன் உண்டாவதில் இவ்வளவு அசிங்கம் இருக்கிறதா என்று இருந்தது. ரேணுகாவுக்கு எந்த அசிங்கமும் தெரியவில்லை. ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தில் தொட்டில் கட்டிவிட்டுச் சிரித்த முகமாக வந்தாள்.

இரண்டாவது தங்கியது. தங்கியதுமே அவள் வேறு ஆள். கட்டிலுக்கு அடியில் எச்சில் துப்ப ஒரு டப்பா. அதில் இஞ்சிச் சக்கையும் கோழையும் மிதக்கும், நான்தான் கொட்ட வேண்டும். வாந்தி வந்தால் கொல்லை வரைக்கும் போகமாட்டாள். நான் பக்கத்தில் போனால், "தள்ளிப் படுயா, பட்டறை நாத்தம் கொமட்டுது" என்பாள். என் நாற்றம் அவளுக்குக் குமட்டிற்றாம். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தலையணையை வைத்து, சுவரைப் பார்த்துப் படுத்து, வயிற்றோடு குசுகுசு என்று பேசுவாள். என்ன பேசுகிறாள் என்று கேட்டால், "உனக்கு இல்ல, தூங்கு" என்பாள்.

எனக்கு முகத்தில் தாடி ஏறிக்கொண்டு இருந்தது.

நான் யோசித்துப் பார்த்தேன். டாக்டரே முட்டை தரம் இல்லை என்கிறார். எப்படியும் நிற்கப்போவதில்லை. நாலாம் மாதமோ ஆறாம் மாதமோ போய்க் கலைந்தால் அவள் உயிருக்கே ஆபத்து. சாயம் திட்டுத்திட்டாக ஏறின நூல் சிட்டத்தை நாங்கள் சாயத் தொட்டியில் முதல் தடவை முக்கும்போதே எடுத்துப் போட்டுவிடுவோம். புடவையாக நெய்த பிறகு தெரிந்தால் எத்தனை பேர் உழைப்பு வீண். வெளியூரில் ஒரு ஆளிடம் மாத்திரை வாங்கினேன். அந்த ஆளைப் பற்றி இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சாயந்திரம் பனங்கற்கண்டு போட்டுப் பால் காய்ச்சிக் கொடுப்பது என் வழக்கம். அதில் கலந்தேன்.

அவள் மறுபடியும் என் மடிக்கு வந்தாள். நான் சவரம் பண்ணிக்கொண்டேன்.

மூன்றாவதும் அப்படியே. டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, முட்டையின் தரம்தான் காரணமாக இருக்கும் என்றார். நான் தலையாட்டினேன். நான் எங்கேயும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ரேணுகா அந்த வருஷம் கறி மீனை விட்டாள், கோயிலில் மண் சோறு சாப்பிட்டாள், பிரகாரத்துக் கல்தரையில் உருண்டு முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். "போன ஜென்மத்துல எந்தக் குழந்தையைக் கொன்னேனோ" என்று அழுதாள். அந்தப் புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டது நான்தான்.

நாலாவது தங்கியபோது அவளுக்கு நாற்பத்திரண்டு. இந்தத் தடவை அவள் அக்கா கமலாட்சி ஐயம்பேட்டையிலிருந்து துணிமணியோடு வந்து இறங்கிவிட்டாள். அடுப்படி அவள் கைக்குப் போய்விட்டது. நான் பால் காய்ச்சப் போனால், "எங்க ஊட்டு ஆம்பளைங்க கரண்டி எந்தப் பக்கம் புடிக்கறதுன்னே தெரியாதவனுங்க. நீ இன்னா மாப்ள, பொம்பளைங்க பொழப்பையே கெடுக்கற. போய் உக்காரு" என்பாள். அதனால்தான் ஐந்தாம் மாதம் வரைக்கும் போயிற்று. பூ முடித்து வளையல் போடும் சடங்குக்கு நாள் பார்த்தார்கள். குழந்தை அசைகிறது என்று ரேணுகா என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். தோலுக்கு அடியில் பல்லி ஓடுகிற மாதிரி இருந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

தாடி கழுத்தை மறைத்துவிட்டது. பட்டறையில் ராமராஜன், "அண்ணே, அப்படியே மடம் கட்டி உக்காந்துடு, நாங்க உண்டியல் வெச்சிடறோம்" என்று சொல்லிச் சிரிப்பான். சாயம் தெறித்துத் தாடிக்குள் புண். புண்ணில் சீழ். சோறு தின்னும்போது அந்தச் சீழ் நாற்றம்தான் முதலில் மூக்குக்கு வரும்.

பூ முடிப்புக்கு முதல்நாள் சாயந்திரம் கமலாட்சி பூவும் வளையலும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போவதாக இருந்தது. அடுப்படி எனக்குக் கிடைக்கும். இன்றோடு எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்த பிறகு, இன்னொரு பகல் அந்தத் தாடியோடு அண்டா முன்னால் நிற்க என்னால் முடியவில்லை. அவ்வளவுதான் ஐயா. காலையிலேயே சலூனுக்குப் போய் உட்கார்ந்தேன்.

"இன்னா பூவராகா, ஊட்ல மாசமா இருக்கறப்ப கத்தி வெக்கச் சொல்ற? நான் மாட்டேன்பா. அந்தப் பாவம் என் கைக்கு வேணாம்" என்றான் சிட்டிபாபு.

"கலைஞ்சிடுச்சிபா" என்றேன்.

அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் தோளைப் பிடித்து அழுத்தினான். பிறகு குழந்தைக்குச் செய்கிற மாதிரி புண் படாமல் சிரைத்துவிட்டான். காசு வாங்கவில்லை. வீட்டில் சொல்ல ஒரு காரணம் தயாராக வைத்திருந்தேன்: சாயப் புண்ணுக்காக முதலாளி எடுக்கச் சொன்னார் என்று. சலூனுக்கு ஒரு காரணம், வீட்டுக்கு ஒரு காரணம். இரண்டும் ஒரு தெருவில் சந்திக்கும் என்று நினைக்கவில்லை.

சாயந்திரம் வீட்டுக்குப் போனேன். ரேணுகா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கடைத்தெருவுக்குப் போன கமலாட்சி பாதியிலேயே திரும்பி வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பூ மட்டும் வந்துவிட்டிருந்தது. நான் முதலாளி சொன்னதாகச் சொன்னேன். ரேணுகா என் முகத்தையே பார்த்தாள்.

"சரி, பாலு வெய்யி" என்றாள்.

அடுப்படிக்குப் போய்க் காய்ச்சி, மாத்திரையைக் கலந்து கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்காவ வழியில பாத்து சிட்டிபாபு துக்கம் கேட்டாராம். மறுபடியும் இப்படி ஆயிடுச்சே, தங்கச்சிய மனசு உட்றாம இருக்கச் சொல்லுன்னாராம். கண்ணு கலங்கிப் பூட்டாராம் மனுஷன்."

நான் கன்னத்தைத் தடவிக்கொண்டேன்.

"வயித்துல இருக்கற எனக்கே தெரியாதது உனக்குக் காலைலயே எப்படியா தெரிஞ்சுது?" என்றாள். டம்ளரை என்னிடம் நீட்டினாள். "இந்தா, ஒரு வாய் குடி."

"எனக்குப் பசிக்கல."

"பசிக்குதான்னா கேட்டேன்? ஒரு வாய் குடியா."

குடித்திருந்தால் எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்று இப்போது தோன்றுகிறது. சந்தேகம் அங்கேயே தீர்ந்திருக்கும். ஆனால் பால் ஆறி மேலே ஆடை படிந்திருந்தது. சுருங்கின தோல் மாதிரி ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றது. அதை வாயில் வைக்க முடியவில்லை.

கமலாட்சி எழுந்து வந்து டம்ளரை வாங்கி ஒரு தட்டால் மூடினாள். ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு ஒரு சொட்டுச் சிந்தாமல் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள் என்று பிறகு சொன்னார்கள்.

அவள் போன பிறகு ரேணுகா கேட்டாள்: "மூணும் நீதானா?"

"மொதல் ஒண்ணு நான் இல்ல" என்றேன். அது உண்மை.

"அப்ப என் முட்டை சொத்தை இல்லியா?"

"டாக்டர்தான் அப்படிச் சொன்னாங்க."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். மடியைச் சரியாக வைத்துக்கொண்டுகூட உட்கார்ந்தேன். அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூழ்கினவர் மேலே வந்து மூச்சு விடுகிற மாதிரி ஒரு மூச்சு விட்டாள். முகம் தெளிந்துவிட்டது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு எழுந்து போய் எச்சில் டப்பாவைத் தானே கொட்டிக் கழுவினாள். ஐந்து மாதத்தில் அதுதான் முதல் தடவை. என் கை பட்ட பொருள் எதுவும் வேண்டாம் என்று இருந்ததோ என்னவோ.

இரண்டு குழந்தைகளை நான் கலைத்தேன். இப்போது வயிற்றில் இருப்பதையும் கலைக்க இருந்தேன். நீங்கள் கேட்டது இதுதான், எழுதிவிட்டேன். கீழே கையெழுத்துப் போடுகிறேன். கொம்பும் காலும் சரியாக இருக்கின்றனவா என்று அவளிடம் காட்டினால் நல்லது.

ஒரு விண்ணப்பம் உண்டு. அவளுக்கு இப்போது எட்டாம் மாதம். நல்லபடியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். ஆனாலும் வயசு நாற்பத்திரண்டு, எதையும் சொல்ல முடியாது. ஏதாவது ஆகிவிட்டால் ரசம் சாதம் ஊட்டி மடியில் போட்டுப் பார்த்துக்கொள்ள கமலாட்சிக்குத் தெரியாது. அந்தச் சமயத்துக்கு மட்டுமாவது என்னை வெளியே விட வேண்டும்.

மற்றபடி இங்கே ஜெயிலில் எனக்குக் குறை இல்லை. போன வாரம் எல்லாருக்கும் முடி வெட்டிச் சவரம் பண்ண ஆள் வந்தார். வரிசையில் என்னையும் கூப்பிட்டார்கள். மறுபடியும் தாடி அடர்ந்துவிட்டது, அரிப்புத் தாங்கவில்லை. இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாசமாக இருக்கிற பெண்டாட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு முகத்தில் கத்தி வைத்தால், வயிற்றில் இருக்கிற குழந்தைக்கு ஆகாது.