இடது நடுத்தூணில் ஒற்றைத் தகடு

எனது பெயர் பொன்னையா இந்திரகுமார். வயது 46. யட்டவத்த சந்தைக்குப் பின்வீதியில் வசிக்கிறேன். வாகன டிங்கரிங் வேலை செய்கிறேன். இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு என்னை யாரும் அழைத்து வரவில்லை. என்மீது முறைப்பாடு எதுவும் இல்லை என்று அலுவலர் இருமுறை அறிவித்தார். அதன் பிறகும் நான் எழுந்து போகாததால் இது பதியப்படுகிறது.

2022 ஏப்ரலில் மாத்தளை றம்ஸீன் தனது சிறிய ஜப்பான் காரைக் கொண்டு வந்தார். பஸ் இடித்து, இடப்பக்க இரு கதவுகளுக்கும் நடுவே கூரையைத் தாங்கும் தூண் மடங்கியிருந்தது. பெருநாளைக்கு வில்கமுவையிலுள்ள மனைவி வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். அதன் பிறகு நான், பழைய வாகனங்களை வெட்டி விற்கும் முனாஸின் யார்டுக்குப் போய், அங்கிருந்த ஒரு தூணைப் பார்த்து, எந்தக் காரில் வெட்டியது, அதன் சேஸி நம்பர் என்ன என்று கேட்டேன். முனாஸ், "ஒரே மொடல், ஒரே வருசம் பாஸ். நம்பர் பாத்து நாள் பாத்து எடுக்க இது என்ன கலியாணமா?" என்றார். நான் சிரித்தேன்.

அந்த மொடலில் இரண்டு வகை உண்டு. வெளியே வித்தியாசம் தெரியாது. விலை கூடிய வகையில் தூணுக்குள் இன்னொரு தடித்த தகடு இருக்கும். றம்ஸீனுடையது அந்த வகை. வெட்டிய முனைக்குள் விரலை விட்டால் தெரிந்துவிடும். விரலை விட்டேன். ஒரு தகடுதான் இருந்தது. பெருநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. வாங்கினேன்.

அதன் பிறகு தூணைப் பொருத்தி, வர்ணம் பூசி, கதவு மூடும் சத்தத்தைக் கேட்டேன். எங்கள் தொழிலில் பொருத்தம் என்பது அந்தச் சத்தம்தான். றம்ஸீனின் மனைவி ஸுலைஹா கதவை மூன்று முறை திறந்து மூடி, "முந்தி ரெண்டு தரம் அடிக்கணும். இடிச்ச பஸ்காரருக்குப் பெருநாள் தொதல் செஞ்சு அனுப்பணும்" என்றார்.

கடந்த செப்டெம்பரில் பல்லேகமவில், பக்க வீதியிலிருந்து றம்ஸீன் பிரதான வீதிக்கு ஏற்றிய அந்தக் காரின் இடப்பக்கத்தில், நெல் ஏற்றி மெதுவாக வந்த ட்ரக்டர் மோதியது. இடப்பக்கம் இருந்த ஸுலைஹா அங்கேயே இறந்தார். நான் மையித்து வீட்டுக்குப் போனேன். றம்ஸீன் என் கையைப் பிடித்து, "நாந்தான் கொன்னுட்டேன் பாஸ்" என்றார். ஆறுதல் சொன்னேன். அப்போது தூண் என் நினைவுக்கு வரவில்லை. இதை அலுவலர் நம்பவில்லை. நானும் முழுதாக நம்பவில்லை.

சென்ற வாரம் வேறொரு காருக்கு வலப்பக்கத் தூண் தேடி முனாஸிடம் போனேன். அவர் காட்டியது றம்ஸீனின் அந்தக் கார். நான்கு விரல் இடைவெளியில் வெல்டிங் புள்ளி வைப்பது என் பழக்கம். என் புள்ளி ஒன்றும் கழரவில்லை. தூண்தான் அட்டைப்பெட்டி போல் உள்ளே போயிருந்தது. சீட் பெல்ட்டில் முக்காட்டு ஊசி ஒன்று குத்தியபடி இருந்தது. முனாஸ், "அந்தப் பக்கத்த ஏன் பாக்குறீங்க? வலப்பக்கம் கீறலும் இல்ல, வெட்டட்டா?" என்றார். வெட்டச் சொன்னேன். அதில் இரண்டு தகடுகள் இருந்தன.

அன்றிலிருந்து என் கடையில் எந்தக் கதவையும் நான் மூடுவதில்லை. வாகனக்காரர்களே மூடிக்கொள்கிறார்கள்.

அலுவலர், "நிறுத்தாம ஏறினது அவர் பிழைதானே? நீங்க ஏன் நடுவுல வாறீங்க?" என்றார். அது அவர் பிழையாக இருக்கலாம். தூணில் இரண்டு தகடும் இருந்திருந்தால், அந்த வேகத்துக்கு ஸுலைஹா ஒரு கை முறிவோடு தப்பியிருப்பார். வருகிற 19ஆம் திகதி நீதிமன்றத்தில் றம்ஸீன் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறார். அதற்கு முன் இது அவருக்குத் தெரிய வேண்டும்.

அதன் பிறகு அலுவலர், "இது உங்க வேலைன்னு எத வச்சு நம்புறது?" என்றார். அதே ஒற்றைத் தகட்டுத் தூணைத் தெரிந்தே இன்னும் மூன்று கார்களில் வைத்திருக்கிறேன், திறந்து பார்க்கலாம் என்று சொல்லி, அவற்றின் இலக்கங்களைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்தேன்.

அலுவலர் மூன்றாவது இலக்கத்தை இரண்டு தடவை வாசித்தார். அது தன்னுடைய கார் என்றும், சென்ற வருடம் வாங்கியது என்றும் கூறினார். அதன் பிறகு மனைவிக்குத் தொலைபேசி எடுத்து, "கார ஸ்கூல்லயே விட்டுட்டு பிள்ளைகளக் கூட்டிட்டு பஸ்ல வாங்க" என்றார். மறுமுனையில் காரணம் கேட்கப்பட்டது. அவர், "பஸ்ல வாங்க" என்றே மறுபடியும் கூறினார்.

மேலே எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். விளங்கிக்கொண்டேன். நானறிந்தவரை உண்மை. குறைக்க எதுவும் இல்லை.

ஒப்பம்: பொ. இந்திரகுமார்